கைதடிக்குப் புறப்படுமுன்

படிப்பு முடிந்து வேலை கிடைப்பதற்குள் சில மாதம், அல்லது ரயில்வேயில் ஓய்வு பெற்ற கையோடு ஒரு வருஷம். இந்த இடைவெளியில் "வெளிநாட்டு மிஷன் பள்ளி ஒன்றில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும், எப்படிப் போறது?" என்று கேட்பவர்கள் எங்கள் திருச்சி எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் கூடிக்கொண்டே வருகிறார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவைத்தான் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தைச் சொல்வேன். 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சியில் விமானம் ஏறி நேரே யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். மொழி தெரியாமல் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருக்கும் தொண்டரால் ஒரு சிறப்புப் பள்ளிக்கு எந்தப் பயனும் இல்லை.

இந்தப் பணிக்கு நம் பக்கத்தில் நீண்ட வேர் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குக் கல்வி தரத் தொடங்கினார். அதே பத்தாண்டில் அதே ஊரில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். இலங்கையில் மேரி சாப்மன் என்ற மிஷனரி 1912இல் தொடங்கியதுதான், இன்று ரத்மலானையில் இருக்கும் செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பள்ளி. அதன் வழியில், தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1950களில் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை வந்தது. இந்தப் பணியைத் தொடங்கிய மிஷனரிகள் போன இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். நாமோ மூன்று மாதமோ ஆறு மாதமோதான் தரப்போகிறோம். அவ்வளவு குறைந்த காலத்தில் ஆசிரியர் வேலையைச் செய்ய முடியாது. ஆசிரியருக்குக் கை கொடுக்கலாம். நீங்கள் வந்ததாலோ போனதாலோ ஒரு பிள்ளைக்கும் இழப்பு வரக் கூடாது. இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த ஒன்றை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதல் படி: திருச்சியிலேயே தொடங்குங்கள்

பாஸ்போர்ட் எடுக்கும் முன் உள்ளூரில் குறைந்தது ஆறு மாதம் வேலை செய்யுங்கள். இதைத் தட்டிக் கழிப்பவரை நான் எந்தப் பள்ளிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு என்ன உதவி தேவை என்று அங்கே கேட்டால் வழி சொல்வார்கள். அரசின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்.

எதற்கும் வழி தெரியவில்லையா? பரீட்சைக் காலத்தில் பார்வையற்ற மாணவர் ஒருவருக்காக எழுதப் போங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும். உங்களுக்குத் தெரிந்த சரியான விடையைத் திணிக்கவும் கூடாது, அவர் சொன்னதில் ஒரு சொல்லை விடவும் கூடாது. மூன்று மணி நேரம் இன்னொருவரின் கையாக மட்டும் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அது பிடித்திருந்தால் நீங்கள் இந்த வேலைக்கு ஆனவர். பிடிக்காவிட்டால் வேறு எத்தனையோ ஊழியம் இருக்கிறது.

ஈழத் தமிழ்ப் பேச்சுக்குக் காதைப் பழக்கிக்கொள்வதும் இந்தக் காலத்துக்கு உரிய வேலை. கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து படிக்க வரும் நண்பர்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்களோடு பழகுங்கள். யாழ்ப்பாணம் போய் "டீச்சர் உன்கிட்ட பேசினாங்களா?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால், டீச்சர் திட்டினாரா என்று கேட்டதாகவே அது எடுத்துக்கொள்ளும். "கதைச்சவவோ?" என்று கேட்க வேண்டும். "புரியுதா" என்பதற்கு "விளங்குதோ" என்பார்கள்.

இரண்டாம் படி: பள்ளியைத் தேர்வதும் கேள்வி கேட்பதும்

கைதடியைத்தான் தேர வேண்டும் என்றில்லை. மலேசியாவில் பினாங்கு போகலாம் என்றால், 1926இல் ஆங்கிலிக்கன் மிஷன் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் பார்வையற்றோர் இல்லம் இருக்கிறது. அங்கே மலாயும் ஆங்கிலமும் வேண்டும். எந்த இடமானாலும் நேரே நிறுவனத்துக்கே எழுதுங்கள். இடைத்தரகர் வழியாக, "மிஷன் ட்ரிப்" என்று மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் குழுக்கள் வழியாகப் போக வேண்டாம். உங்கள் பங்குத்தந்தையோ ஆயரோ ஒரு கடிதம் தந்தால் அதையும் இணையுங்கள்.

கடிதத்தில் உங்கள் பக்தியைப் பற்றி ஒரு வரி போதும். உங்களால் என்ன செய்ய முடியும் என்பதை விளக்கமாகச் சொல்லுங்கள்: தச்சு வேலை, தையல், மின்சாரம், கணக்கு, கணினித் தட்டச்சு, சமையல். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் இருந்த ஃபிட்டர் ஒருவர், உடைந்த சக்கர நாற்காலிகளைச் சரிசெய்து தருகிறேன் என்று எழுதினால், எந்தப் பள்ளியும் அதை இரண்டாம் முறை படிக்கும். "குழந்தைகள் என்றால் எனக்கு உயிர்" என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது.

பிறகு நீங்கள் கேட்க வேண்டியவை. வெளியாள் பிள்ளையோடு தனி அறையில் இருக்க அனுமதி உண்டா? பிள்ளை முறையிட விரும்பினால் யாரிடம் போகும்? காது கேளாத பிள்ளை சைகையில் சொல்வதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் விடுதியில் இரவில் இருக்கிறாரா? உங்களிடம் காவல்துறைச் சான்று கேட்கிறார்களா? கேட்காத இடம் என்றால் யோசியுங்கள். கேட்கும் இடத்தில் சங்கடப்படாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1964இல் பிரான்ஸில் ழான் வனியே தொடங்கிய லார்ஷ் அமைப்பு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வது என்ற அழகான எண்ணத்தில் உலகெங்கும் பரவியது. சென்னையிலும் ஆஷா நிகேதன் என்ற பெயரில் அதன் இல்லம் உண்டு. வனியேயைப் பலரும் வாழும் புனிதர் என்றார்கள். 2019இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு, லார்ஷ் அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை, ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை வெளியிட்டது. அந்தப் பெண்கள் மாற்றுத்திறனாளிகள் அல்லர். ஆனாலும் பாடம் நமக்கும் உரியதுதான். அந்த உண்மையைத் தானே வெளியிட்ட அமைப்பின் மீது எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. பெயர் பெற்ற இடம், சிலுவை வைத்த இடம் என்பதற்காகக் கேள்விகளை விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் படி: தாள்கள்

சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளியில் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்கவில்லையே என்பது பதில் ஆகாது. எந்த விசாவில் வர வேண்டும், அதற்கு யாருடைய பரிந்துரைக் கடிதம் தேவை என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்திலும் சரிபாருங்கள். காவல்துறைச் சான்றை, அதாவது பி.சி.சி.யை, பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பயணக் காப்பீடு, டெட்டனஸ் ஊசி, உங்கள் மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு. தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் நீங்களே ஏற்பதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நன்கொடை கொண்டுபோவதானால் ரொக்கமாக யார் கையிலும் தராதீர்கள். வங்கி வழியாகப் பள்ளியின் கணக்குக்கே போக வேண்டும்.

காலத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அங்கே பள்ளி ஆண்டுக்கு மூன்று தவணை. ஒரு தவணை முழுவதும் இருக்க முடிந்தால் மட்டும் வகுப்பறை உதவிக்குக் கேளுங்கள். இரண்டு வாரம்தான் முடியும் என்றால் வகுப்பறை வேண்டாம். பழகிய முகம் இரண்டு வாரத்தில் காணாமல் போவதை அந்தப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டார்கள். தச்சு, வர்ணம், பிரெய்ல் தட்டச்சு, தொட்டுப் பார்க்கும் வரைபடங்கள் செய்வது என்று பிள்ளைகளைத் தொடாத வேலை ஏராளமாக இருக்கும்.

நான்காம் படி: கற்றுக்கொண்டு போக வேண்டியவை

பார்வையற்ற பிள்ளைகளிடம் போகிறீர்கள் என்றால் தமிழ் பிரெய்ல் படியுங்கள். ஒரு கட்டத்தில் ஆறு புள்ளி, இரண்டு நெடுவரிசையில். முதல் புள்ளி மட்டும் இருந்தால் அ. அச்சில் 'கொ' எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் போடுகிறோம். பிரெய்லில் க போட்டு அடுத்து ஒ போட்டால் முடிந்தது. ஸ்லேட்டில் தாளைச் செருகி ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றிக் குத்த வேண்டும். புள்ளி தாளின் மறுபக்கம்தானே எழும்புகிறது! திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். தினம் அரை மணி நேரம் பழகினால் எழுத்துகள் கைக்கு வந்துவிடும். உங்கள் விரல் பிரெய்லை வாசிக்காது, கண்தான் வாசிக்கும். அதுவே பிழை திருத்த உதவப் போதும்.

காது கேளாத பிள்ளைகளிடம் போகிறவர்கள் இந்திய சைகை மொழியில் ஒரு அடிப்படை வகுப்பு முடித்திருப்பது நல்லது. ஆனால் அங்கே வேறு சைகை. இங்கே படித்தது அப்படியே செல்லாது. கையையும் முகத்தையும் கூச்சமில்லாமல் அசைக்கப் பழகியதுதான் மிஞ்சும். அங்கே பிள்ளைகளே உங்களுக்கு ஆசிரியர்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டாகிவிடும். வாயைக் கையால் மறைக்காதீர்கள். கூப்பிட வேண்டுமானால் தோளில் மெல்லத் தொடுங்கள் அல்லது விளக்கை அணைத்துப் போடுங்கள்.

இந்தப் பள்ளிகளில் ஒரு தொண்டர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காலை வேலை காதுக்கருவிச் சோதனை என்பேன். கருவி போட்டிருக்கும் பிள்ளைக்குக் கேட்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். பேட்டரி தீர்ந்த கருவி காதை அடைத்த பஞ்சு மாதிரிதான். ஒவ்வொரு கருவியையும் ஸ்டெதோகிளிப்பில் (ஸ்டெதாஸ்கோப் போன்ற கேட்புக் குழாய்) மாட்டி நீங்களே கேளுங்கள். காதுக்குள் பொருந்தும் அச்சில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 'கூ...' என்று விசில் அடித்தால் பெரும்பாலும் அச்சு சிறிதாகிவிட்டது என்று பொருள். பிள்ளையின் காது வளர்கிறது, அச்சு வளர்வதில்லை. பெயரைக் குறித்து ஆசிரியரிடம் கொடுங்கள். பிறகு பிள்ளைக்குப் பின்னால், உதடு தெரியாமல் நின்று ஆறு ஒலிகளைச் சாதாரணக் குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கேட்டதும் பிள்ளை ஒரு மணியை டப்பாவில் போடட்டும். டேனியல் லிங் என்ற பேச்சுக் கல்வியாளர் தந்த முறை இது. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை பேச்சின் வீச்சு முழுவதும் இந்த ஆறில் அடங்கிவிடும். நேற்று 'ஷ்' கேட்ட பிள்ளை இன்று மணி போடவில்லை என்றால், அன்றைக்குப் பாடம் தொடங்குமுன் ஏதோ சரிசெய்ய வேண்டியிருக்கிறது. உடலியக்கக் குறை உள்ள பிள்ளைகள் இருக்கும் பள்ளியானால், உணவு ஊட்டுவதை இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் வரை தொடாதீர்கள். படுத்த நிலையில் ஊட்டவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, எதிரே உங்கள் கண்ணும் அவர்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்து அடுத்த வாய்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை.

ஐந்தாம் படி: பெட்டியில் என்ன

பள்ளியிடம் கேட்டு, அவர்கள் கேட்டதை மட்டும் கொண்டுபோங்கள். பெரும்பாலும் பிரெய்ல் தாள், ஸ்லேட், காதுக்கருவி பேட்டரி என்றுதான் வரும். பேட்டரியில் எண் முக்கியம்: 13 என்றால் ஆரஞ்சு ஒட்டு, 675 என்றால் நீல ஒட்டு. ஒட்டைப் பிரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கும் வகை அது. ஓரிரு நிமிடம் விட்டுக் கருவியில் போடுங்கள், தேவைக்கு முன் பிரித்து வைக்காதீர்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோங்கள். ஈரம் கருவியைக் கெடுக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் நல்ல பொருள். சாக்லேட்டும் பழைய துணியும் வேண்டாம்.

ஆறாம் படி: அங்கே போனபின்

முதல் வாரம் பாருங்கள், கேளுங்கள், பாத்திரம் கழுவுங்கள். பார்வையற்ற பிள்ளை அருகில் போனால் பெயர் சொல்லிப் பேசுங்கள், விலகும்போதும் சொல்லிவிட்டு விலகுங்கள். இல்லையென்றால் அது வெறும் காற்றிடம் பேசிக்கொண்டிருக்கும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையைத் தந்தால் தானே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரும். அவர்கள் வைத்த பொருளை வைத்த இடத்திலேயே விடுங்கள், நாற்காலியைக்கூட நகர்த்தாதீர்கள். உதவலாமா என்று கேளுங்கள்; வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். செருப்பு வாரைத் தானே மாட்டப் பத்து நிமிடம் எடுக்கும் பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடமும் வேண்டும்.

போர் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளானாலும், பெற்றோரும் ஆசிரியர்களும் அதைச் சுமந்தவர்கள். அவர்கள் சொன்னால் கேளுங்கள். படம் எடுத்துப் போடாதீர்கள். பிள்ளை தன்னைப் படம் எடுப்பதைப் பார்க்கவே முடியாதபோது அனுமதி என்பதற்கு என்ன பொருள்?

இனி, விசுவாசிகளான நமக்குச் சொல்ல வேண்டிய ஒன்று. மிஷன் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. நெற்றியில் திருநீறோடு வந்தால் அது அவர்கள் வீட்டுப் பிரார்த்தனை. அதில் நமக்கு வேலை இல்லை. பள்ளியின் காலை ஜெபத்தில் கலந்துகொள்ளுங்கள், நடத்தச் சொன்னால் நடத்துங்கள். ஆனால் எந்தப் பிள்ளையின் தலையிலும் கை வைத்து, கண் திறக்கட்டும், காது திறக்கட்டும் என்று ஜெபிக்காதீர்கள். நம் நற்செய்திக் கூட்டங்களில் இது சாதாரணம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அன்றைக்குக் கண் திறக்காத பிள்ளை, தன் விசுவாசம்தான் போதவில்லை என்று முடிவுகட்டும். அந்தச் சுமையை ஏற்றியவர் அடுத்த மாதம் ஊர் திரும்பிவிடுவார். பிள்ளை அதோடு வாழும். பிறவியிலேயே பார்வையில்லாதவனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் விசாரித்தபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்றார் இயேசு. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைப் போவதற்கு முன் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

ஏழாம் படி: கிளம்புவதும் அதன் பிறகும்

எந்தத் தேதியில் கிளம்புவீர்கள் என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பெரிய தேதித்தாளில் குறித்துவையுங்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு போதும். "திரும்ப வருவேன்" என்பதைப் பயணச்சீட்டு கையில் இல்லாமல் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு, ஒரு பிள்ளைக்கு மட்டும் கைப்பேசி எண் என்பது வேண்டாம்; தொடர்பு எதுவானாலும் பள்ளி வழியாக. நீங்கள் செய்துவந்த வேலையை, காதுக்கருவிக் குறிப்பேடு உட்பட, அங்குள்ள ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். கடைசி வாரம் அதற்கே.

ஊர் திரும்பியபின் எடமலைப்பட்டி புதூரில் உங்கள் வீட்டிலிருந்தே தொடரக்கூடிய வேலை ஒன்று உண்டு: பாடநூல்களைக் குரலில் பதிவு செய்வது. இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு எந்த நூல் வேண்டும் என்று பள்ளியிடம் கேட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பு ஆண்டைச் சரிபாருங்கள். பழைய பதிப்பைப் படித்துவைத்தால் பரீட்சையில் நட்டப்படுவது மாணவர். மெயின் ரோட்டு லாரிச் சத்தம் அடங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். பக்க எண்ணைச் சொல்லுங்கள். படம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் விவரியுங்கள். அட்டவணையை வரிசை வரிசையாக வாசியுங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்பி, மாணவர் ஒருவர் கேட்டு, வேகம் சரியா, எங்கே விளங்கவில்லை என்று சொல்லும் வரை இரண்டாவதைத் தொடங்காதீர்கள்.